நெடும்பாசேரியிலிருந்து எர்ணாகுளம்: டாக்ஸியா, மெட்ரோவா?

துபாயில் இருக்கும் பீருமேட்டுத் தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மாலை விமானத்தில் கொச்சியில் இறங்குகிறான். ராத்திரி எர்ணாகுளம் சவுத் பக்கம் ஹோட்டலில் தங்கிவிட்டு விடிந்ததும் மலையேற வேண்டும். "அண்ணே, நீங்கதான் அடிக்கடி வந்து போறீங்க. டாக்ஸி நல்லதா, ட்ரெயின் நல்லதா?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசினேன். நடுவில் அவன் மனைவி போனை வாங்கி, "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்றாள். சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலை மும்பையில், வீடு வண்டிப்பெரியாற்றில். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய சின்ன வீட்டில். கொச்சி மெட்ரோ ஓட ஆரம்பித்த 2017-லிருந்து இதுவரை முப்பது தடவையாவது கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் இறங்கியிருப்பேன். மாலையில் இறங்குகிறவன் அன்றைக்கே ஊருக்குப் போக நினைத்தால் கோட்டயம்-குமுளி மலைச்சாலையான கே.கே. ரோட்டில் நடுராத்திரி மூடுபனிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு எர்ணாகுளத்தில் படுத்துவிட்டு, காலையில் வைட்டிலாவில் கோட்டயம் பஸ்ஸைப் பிடித்தால் மதியச் சோற்றுக்கு அம்மா முன்னால் உட்காரலாம்.

முதலில் டாக்ஸி. வெளியே வரும் இடத்திலேயே ப்ரீபெய்டு கவுண்டர் உண்டு. ஆப்பில் வரும் வண்டிகளும் உண்டு. சவுத் வரை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் கொடுத்தது 900-லிருந்து 1,400 வரை, மழைக்கும் நேரத்துக்கும் தக்கபடி. ஆப் வண்டி ஒன்று, "ட்ராப் எவிடெயா?" என்று போனில் கேட்டுவிட்டு ரத்து செய்ததும், இரண்டாவது வண்டியும் அதையே செய்ததும் ஒரே மாலையில் நடந்தது. அதை நான் மறந்துவிட்டேன். மன்னிக்கவில்லை, மறந்துவிட்டேன்.

ஏறி உட்கார்ந்துவிட்டால் டாக்ஸிக்கு ஈடில்லை. பெட்டி டிக்கியில், கால் நீட்டலாம், ஏசி, ஹோட்டல் வாசலில் இறக்கம். சாலைதான் சோதனை. அத்தாணியில் தேசிய நெடுஞ்சாலையில் திரும்பினால் ஆலுவா பாலத்தில் ஒரு நிற்றல், களமசேரியில் ஒரு நிற்றல். ஆலுவாவிலிருந்து இடப்பள்ளி வரை மெட்ரோ பாதை அதே சாலையின் நடுவில் தூண் மேல்தான் ஓடுகிறது. நாம் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது தலைக்கு மேலே மூன்று பெட்டி ரயில் சாவகாசமாகப் போகும். ஆயிரம் ரூபாய் கொடுத்தவன் அண்ணாந்து பார்க்க, ஐம்பது ரூபாய் டிக்கெட்காரன் ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் டாக்ஸியை விட்டு ஓடியதற்குக் காரணம் வேறு, அது அணை.

வண்டி கிளம்பிய ஐந்து நிமிடத்தில் டிரைவர் சேட்டன் கேட்பார்: "நாடு எவிடெயா?" சொந்த ஊர் எது என்று. வண்டிப்பெரியாறு என்பேன். கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். "ஓ, வண்டிப்பெரியாறோ! அப்போ டாம் பொட்டியால் நிங்கள் ஆத்யம் போகுமல்லோ!" அணை உடைந்தால் முதலில் போவது நீங்கள்தானே என்று. முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே முதலில் வரும் பெரிய ஊர் எங்களுடையதுதான். உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் இரண்டு மணி நேரம் விமானத்தில் மடங்கி உட்கார்ந்து வந்தவனிடம், நீ முதலில் செத்துப் போவாய் என்று சொல்லி வரவேற்பது என்ன மரியாதை?

அதோடு விடுவதில்லை. என் மலையாளத்தில் தமிழ் வாசம் வந்ததும் கேள்வி திரும்பும். "தமிழ்நாட்டுக்காரனா?" ரேஷன் கார்டு இடுக்கி மாவட்டம், ஓட்டு பீருமேடு தொகுதியில், படித்தது கேரளப் பாடத்திட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். அதற்குள் 142 அடிக்கு வந்திருப்பார். 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னதை ஏதோ நான் போய் வாதாடி வாங்கி வந்த மாதிரி என்னிடம் கேட்பார். 1895-ல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அணை இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்பார். எனக்கென்ன தெரியும்? கம்பம் பள்ளத்தாக்கில் நெல் நடும் என் சித்தப்பாவுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அணைக்குக் கீழே இருக்கும் என் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வேண்டும். இரண்டு பேரும் என் சொந்தம். இதை முப்பது கிலோமீட்டருக்குள் யாருக்கு விளக்க?

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பயம் அவர்களுக்கும் உண்டு. ஆனாலும் பத்தில் ஆறு பயணத்தில் இதே பேச்சு. காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்குவது போல் நடித்தேன். அதற்கும் ஒருவர், "சேட்டா, ஒரு சம்சயம்" என்று தட்டி எழுப்பினார்.

அப்படித்தான் மெட்ரோவுக்கு மாறினேன். மெட்ரோ விமான நிலையம் வரை வருவதில்லை, ஆலுவாவோடு நின்றுவிடுகிறது. நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ். முன்பு கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவேன். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவின் மின்சார பஸ் ஓடுகிறது, எண்பது ரூபாய். சத்தமில்லாத நல்ல பஸ். ஒன்று சொல்ல வேண்டும்: ஆட்டோ பிடித்து வெறுமனே "ஆலுவா ஸ்டேஷன்" என்றால் பழைய ரயில்வே ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். மெட்ரோ ஸ்டேஷன் வேறு. "மெட்ரோ" என்ற சொல்லை விடாமல் சொல்லவும். நான் சொல்லாமல் விட்டு ஒரு தடவை பெட்டியோடு நடந்திருக்கிறேன்.

பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்கு சக்கரப் பெட்டி விமான நிலையப் பளிங்குத் தரைக்கென்றே செய்தது, பஸ்ஸில் அது ஒரு கன்றுக்குட்டி. பிரேக் போட்டால் முன்னால் ஓடும், கிளம்பினால் பின்னால் ஓடும். முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஆலுவா வரை வர வேண்டும். ஒரு தடவை பிடி விட்டுப் போய், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மச்சியின் காலில் முட்டி நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்புக் காலைப் பெட்டி மேல் வைத்து அழுத்திக்கொண்டார். ஆலுவா வரை அது அசையவில்லை. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

இந்தப் பஸ்ஸில் நான் எதிர்பாராத ஒன்றும் உண்டு. ஆலுவாவுக்குள் நுழையும்போது பெரியாற்றைத் தாண்டுகிறோம், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. ஆறு அங்கே இரண்டாகப் பிரிகிறது. முதலில் மங்கலப்புழைப் பாலம், அப்புறம் 1940-ல் திறந்த மார்த்தாண்ட வர்மா பாலம். டாக்ஸியில் போகும்போது கைப்பிடிச் சுவர் மறைத்துவிடும். பஸ்ஸில் உயரமாக உட்கார்ந்திருப்பதால் ஆறு முழுசாகத் தெரியும். அகலமாக, அவசரமில்லாமல், எங்கள் ஊரில் பாறையில் மோதிக்கொண்டு ஓடுவது இதுதானா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு.

சரியாகப் பார்த்தால் அது எங்கள் ஊர்த் தண்ணீரே இல்லை. முல்லைப்பெரியாற்றில் மடக்கிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே தேனிப் பக்கம் போய்விடுகிறது. எங்கள் ஊர் வழியாக ஓடுவது இடுக்கி அணையில் நின்று, மூலமற்றம் மின்நிலையத்தில் இறங்கி, தொடுபுழை வழியாக மூவாற்றுப்புழை ஆற்றில் சேர்கிறது. ஆக, சாதாரண நாளில் வண்டிப்பெரியாற்றுத் தண்ணீர் ஆலுவாவைப் பார்க்காது. 2018-ல் பார்த்தது. ஆகஸ்ட் 9 அன்று 26 வருடத்துக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை ஷட்டரைத் திறந்தார்கள், அடுத்தடுத்த நாளில் ஐந்தும் திறந்தன. 15-ஆம் தேதி விமான நிலையத்துக்குள் தண்ணீர் வந்து, 29 வரை விமானமே இல்லை. ஊர்த் தண்ணீர் ஒரே ஒரு தடவை என்னை அழைக்க விமான நிலையத்துக்கே வந்தது, நான் மும்பையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஆலுவாவில் ஏறிய பிறகு மெட்ரோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, குறை வைக்காத வண்டியைப் பற்றி என்ன எழுதுவது? புறப்படும் ஸ்டேஷன் என்பதால் காலி இடம் கிடைக்கும். வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட். லிஃப்ட் உண்டு. சவுத் பதினேழாவது ஸ்டேஷன், அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். பாதை 2019 செப்டம்பரில் சவுத்தைத் தாண்டிப் போனது, அதற்கு முன்பு மஹாராஜாஸ் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ. இப்போது திருப்பூணித்துறை வரை 25 ஸ்டேஷன், கடைசி வரை போனாலும் அறுபது ரூபாய். மறுநாள் காலை பஸ்ஸுக்கு வைட்டிலா, அதே பாதையில் மூன்றாவது ஸ்டேஷன். ஆலுவாவிலிருந்து கடைசி வண்டி இரவு பத்தரை வாக்கில். விமானம் ஒன்பதரைக்கு மேல் இறங்கினால் மெட்ரோவை மறந்துவிடவும். முக்கியமாக, அதில் யாரும் ஊர் கேட்பதில்லை. எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். போன் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கணும் என்று நான் நினைப்பது அங்கே மட்டும்தான்.

ஆக, மெட்ரோதான் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். போன மாதம் வரை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மும்பையில் முடித்துக்கொண்டு ஊருக்கு அழைத்து வந்தேன். கறுப்புக் கண்ணாடி, கையில் மருந்துப் பை. தூசி படக் கூடாது என்றார் டாக்டர், அதனால் பஸ் வேண்டாம் என்று டாக்ஸி எடுத்தேன். பின்சீட்டில் உட்கார்ந்ததும் அம்மா காதில் சொன்னேன்: "ஊர் கேட்டா எர்ணாகுளம்னு சொல்லு." அம்மா தலையாட்டினார்.

அத்தாணி தாண்டியதும் கேள்வி வந்தது. அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வண்டிப்பெரியாறு மோனே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேட்டன் வழக்கப்படி ஆரம்பித்தார், டாம் பொட்டியால் என்று. அம்மா அவரைப் பாதியில் நிறுத்தினார். எஸ்டேட்டில் நாற்பது வருடம் கொழுந்து கிள்ளும்போது பழகிய பாதி மலையாளம், பாதித் தமிழ்: "நீ கேக்குறது சரிதான் மோனே. வெள்ளம் வந்த வருசம் ஆகஸ்ட் பதினஞ்சு, விடியக்காலம். டாம் ஷட்டர் திறக்கப் போறாங்கன்னு சொல்லி எழுப்பி விட்டாங்க. ஆத்தங்கரை லயத்து ஆளுக எல்லாம் கோழியத் தூக்கிட்டு மேலே ஓடினோம். நான் அடுப்புல அரிசி போட்டிருந்தேன், அத அப்படியே விட்டுட்டேன். அந்த அரிசி என்ன ஆச்சுன்னு இன்னிக்கும் நெனப்பு வருது."

சேட்டன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தன் வீடு ஆலுவாவை அடுத்த கடுங்ஙல்லூர் என்றார். அதே பதினைந்து, பதினாறில் மாடி வரை தண்ணீர். படகில் வந்து அவர் அப்பாவை மொட்டை மாடியிலிருந்து இறக்கினார்களாம். "அது அம்மையுடெ நாட்டிலெ வெள்ளம்தன்னெ" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தார். "எங்க ஊருத் தண்ணி உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு, நாங்க சொல்லாமலே." பிறகு இருவரும் அரிசி விலை, ஏலக்காய் விலை, அவர் பெண்ணின் நர்சிங் படிப்பு என்று சவுத் வரை நிறுத்தவே இல்லை. களமசேரியில் இருபது நிமிடம் நின்றோம். அவர்களுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. தலைக்கு மேலே ரயில் போனது. நான் மட்டும் அண்ணாந்து பார்த்தேன்.

ஹோட்டல் வாசலில் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டு வந்து வைத்தார். நூறு ரூபாய் கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. அம்மா லிஃப்டில் என்னிடம் கேட்டார்: "நல்ல மனுசன். இவங்களுக்குப் பயந்தா நீ பஸ்ஸுல பெட்டியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு வர்ற?"

அதற்கடுத்த பயணத்தில் தனியாக வந்தேன். டாக்ஸி வரிசை வரை போய் நின்றேன். திரும்பி மின்சார பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். இந்தத் தடவை பெட்டி மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

சரி தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். விலையிலும் நேரத்திலும் நிம்மதியிலும் மெட்ரோதான். முப்பது தடவை வந்தவன் சொல்கிறேன். ஆனால் நீ இரண்டு சின்னப் பிள்ளைகள், துபாய்ப் பெட்டி நாலு, தூக்கக் கலக்கத்தில் மனைவி என்று வருகிறாய். நாலு பெட்டி மேல் வைக்க உங்களிடம் அத்தனை கால் ஓய்வாக இருக்காது. டாக்ஸி எடு. ப்ரீபெய்டே எடு, சீட்டைக் கையில் வைத்துக்கொள். ஊர் கேட்டால் பீருமேடு என்று சொல்லாதே, அடுத்த கேள்வி அணைதான். மூணாறு என்று சொல்லிவிடு. அதற்கும் ஒரு கேள்வி வரும், அங்கே ரூம் என்ன ரேட் என்று. அதற்கு நீயே ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்.