குளோரின் மாத்திரையா, ஹைப்போவா? எங்கள் நீச்சல் குளத்தின் கணக்கு

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் வீட்டு நீச்சல் குளம் 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். நிரப்பினால் சுமார் 22,000 லிட்டர். போன வைகாசி வரைக்கும் மாத்திரைதான் போட்டோம். அதன் பிறகு ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற திரவக் குளோரின். இனி பழையபடி மாறுவதாக இல்லை.

வசதி என்று பார்த்தால் மாத்திரைக்கு ஈடே கிடையாது. ஃப்ளோட்டரில் போட்டு மிதக்கவிட்டால் அது பாட்டுக்குக் கரையும். டப்பாவும் சீக்கிரம் கெடாது. ஹைப்போவைத் தினமும் அளந்து ஊற்ற வேண்டும், துணியில் தெறித்தால் வெளுத்துவிடும், கேன் வேறு கனம்.

ஆனால் போன சித்திரையில் நடந்தது இது. படிக்கட்டு மூலையில் விரலை வைத்தால் வழவழவென்று பச்சையாக ஒட்டியது. குளம் பார்க்க வரும் தம்பி டெஸ்ட் டியூபைத் தூக்கிக் காட்டினார். நல்ல ரோஸ் கலர், 3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரின். "கலர் சரியா வருதுக்கா, அப்புறம் எப்படி பாசி பிடிக்குது?" மஞ்சள் காட்டும் சொட்டு மருந்து கிட்டாக இருந்தால் அதன் மேல் சந்தேகப்பட்டிருப்பேன். அது வேலை செய்யும் குளோரினையும், அழுக்கோடு சேர்ந்து முடங்கிப்போன குளோரினையும் சேர்த்தே காட்டும். எங்களிடம் இருந்தது டிபிடி கிட். தனிக் குளோரினை, அதாவது அழுக்கில் முடங்காததை மட்டும் காட்டுவது. அது சொன்னதில் தப்பில்லை.

கோளாறு மாத்திரைக்குள் இருந்தது. நாங்கள் போட்டது டிசிசிஏ என்கிற வகை மாத்திரை. அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. ஸ்டெபிலைசர் என்று சொல்வது இதைத்தான். இது கொஞ்சம் வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் உச்சி வெயில் ஓரிரு மணி நேரத்திலேயே குளோரினில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 30 முதல் 50 பிபிஎம் போதும். அதற்கு மேல் ஏற ஏற குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிட்டில் கலர் வரும், பாசி சாகாது. ஸ்டெபிலைசர் அளவில் 7.5 சதவீதமாவது தனிக் குளோரின் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 100 பிபிஎம் ஏறிவிட்டால் 3 எங்கே போதும்? ஏழரை வேண்டும்.

எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கோடையில் எங்கள் குளத்துக்கு ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகிறது. மாத்திரையில் அது 50 கிராம். கூடவே 1.2 பிபிஎம் ஸ்டெபிலைசர் இறங்கும். மாதத்துக்கு 36. குளோரின் வெயிலில் போய்விடும், இது போகாது. தண்ணீர் ஆவியானாலும் உள்ளேயே தங்கும். தை கடைசியில் டைல் வேலை முடிந்து புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தோம். மூன்றே மாதத்தில் நூறைத் தாண்டிவிட்டது. ஸ்டெபிலைசரை அளக்க, அடியில் கறுப்புப் புள்ளி போட்ட அளவுக் குழாய் ஒன்று உண்டு. மருந்து கலந்த குளத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்து, புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். சீக்கிரம் மறைந்தால் ஸ்டெபிலைசர் அதிகம். கால் குழாய்கூட நிரம்பவில்லை, புள்ளி மறைந்துவிட்டது.

இதற்கு நம்பகமான வழி தண்ணீரை மாற்றுவதுதான். பாதிக் குளத்தை வடித்தோம். 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தது. 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. நல்ல தண்ணீர் சாக்கடையில் போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. ஹைப்போவில் இந்தத் தொல்லை கிடையாது. அது விட்டுப்போவது கொஞ்சம் உப்பு மட்டும்தான்.

10 சதவீத ஹைப்போ என்றால் எங்களுக்கு ஒரு நாளைக்கு 440 மில்லி. வெயில் இறங்கியதும் பம்பை ஓடவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் குழாய்க்கு நேரே மெதுவாக ஊற்றுகிறோம். இதன் பலவீனம் சூடு. வெயிலில் கிடந்த கேன் சீக்கிரம் வீரியம் இழக்கும். அதனால் புதுக் கேன் வந்ததும் ஊற்றுவதற்கு முன்பும் ஒரு மணி நேரம் கழித்தும் டெஸ்ட் செய்கிறேன். 2 ஏற வேண்டிய இடத்தில் 1 ஏறினால் அந்தக் கேன் பழசு. சின்னக் கேனாக வாங்கி நிழலில் வைக்கிறோம். மாத்திரை டப்பா வேறு அறையில். இரண்டும் நேராகக் கலந்தால் விஷவாயு வரும், ஒரே மக்கைக்கூட இரண்டுக்கும் எடுக்கக் கூடாது.

கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரும் உண்டு. எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம், டைலில் வெள்ளைக் கறை படிகிறது. இன்னும் கால்சியம் சேர்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. உப்புத் தண்ணீரிலிருந்து மின்சாரத்தால் குளோரின் எடுக்கும் உப்புக் குளோரினேட்டரை நான் வைத்துப் பார்த்ததில்லை. தெரிந்தவர் வீட்டில் தண்ணீர் அருமையாக இருக்கிறது, ஆனால் குளோரின் எடுக்கும் அதன் செல் எத்தனை வருடம் உழைக்கும் என்று அவரே இன்னும் பார்க்கவில்லை.

மாத்திரையை அடியோடு விட்டுவிடவில்லை. கார்த்திகை மழையில் குளம் வழிந்து வழிந்து ஸ்டெபிலைசர் 20க்கு இறங்கியது. மழை விட்டதும் இரண்டு வாரம் ஃப்ளோட்டரை மிதக்கவிட்டோம். 35 வந்ததும் எடுத்துவிட்டு, மறுபடி 440 மில்லிக்கு வந்துவிட்டோம்.