எஸ்க்யூஎஸ் க்யூவ மொத்தமா காலி பண்ண: பர்ஜா, டிலீட்டா, ஸ்கிரிப்ட்டா?

அமேசான் எஸ்க்யூஎஸ்ல (ஒரு ப்ரோக்ராம் அனுப்பற மெசேஜ இன்னொண்ணு எடுக்கற வரைக்கும் க்யூல வச்சிருக்கற சேவை) ஒரு க்யூ முழுக்க குப்ப மெசேஜ் சேர்ந்துபோச்சு, மொத்தமா காலி பண்ணணும்னா கைல நாலு வழி இருக்கு. பர்ஜ் (ஒரே கட்டளைல எல்லாத்தையும் அழிக்கறது) அடிக்கலாம், க்யூவையே டிலீட் பண்ணிட்டு அதே பேர்ல மறுபடி உருவாக்கலாம், ரிட்டென்ஷன (மெசேஜ் க்யூல எவ்வளவு நேரம் இருக்கலாம்ங்கற கெடு) கொறச்சு தானா அழிய விடலாம், இல்லன்னா ஸ்கிரிப்ட் எழுதி எடுத்து எடுத்து அழிக்கலாம். எங்க டீம்ல ப்ரொடக்ஷனுக்கு (நெஜ கஸ்டமருக்கு ஓடற சிஸ்டம்) ஸ்கிரிப்ட்தான்னு முடிவு பண்ணி ஓட்டிட்டிருக்கோம், நானும் அந்தக் கட்சிதான், அதனால இதுல நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீங்க.

டெவ், ஸ்டேஜிங் மாதிரி சோதனை சிஸ்டம்னா பேச்சே இல்ல, பர்ஜ் அடிச்சுட்டு போய் டீ குடிங்க. 2014 டிசம்பர்லேர்ந்து இருக்கற வசதி, எத்தன லட்சம் மெசேஜ் கெடந்தாலும் ஒரே கால்ல வேல முடியும்.

டிலீட் பண்ணி உருவாக்கறது எனக்கு சுத்தமா பிடிக்காது. அதே பேர்ல திரும்ப உருவாக்க 60 செகண்ட் காத்திருக்கணும், அது கூட பரவால்ல. பேர் ஒண்ணா இருந்தா ஏஆர்என்னும் (அமேசான்ல அந்த க்யூவோட முழு அடையாளம்) ஒண்ணாதான் வரும், அதப் பாத்துட்டு எல்லாம் பழைய மாதிரியே இருக்குன்னு நெனச்சுக்குவோம், ஆனா ஆக்சஸ் பாலிசி (யார் அனுப்பலாம், எடுக்கலாம்ங்கறது), ரீட்ரைவ் பாலிசி (திரும்பத் திரும்ப தோத்த மெசேஜ எங்க ஒதுக்கணும்ங்கறது), நாம வச்ச விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த மெசேஜ் மத்தவங்களுக்கு மறைஞ்சிருக்கற நேரம்), டேக் எதுவுமே இருக்காது. எஸ்என்எஸ் டாபிக் (ஒரு மெசேஜ பல எடத்துக்கு அனுப்பற இன்னொரு அமேசான் சேவை) இந்த க்யூவுக்கு அனுப்பற அனுமதி க்யூவோட ஆக்சஸ் பாலிசிலதான் இருக்கு, அத மறுபடி போடலன்னா ஒரு மெசேஜும் வந்து சேராது. டெர்ராஃபார்ம்ல (செட்டிங்கெல்லாம் கோடா எழுதி வைக்கற டூல்) வச்சிருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் ஈஸி, ஒத்துக்கறேன்.

ரிட்டென்ஷன் வழி கேக்க நல்லாருக்கும். டீஃபால்ட் 4 நாள், அத 60 செகண்டுக்கு எறக்கிட்டா பழசெல்லாம் காலாவதி. ஆனா அந்த மாத்தம் முழுசா அமலுக்கு வர 15 நிமிஷம் வரைக்கும் ஆகலாம், அப்புறம் திரும்ப ஏத்தினாலும் அதே கததான், நடுவுல கன்ஸ்யூமர் (மெசேஜ எடுத்து வேல பாக்கற ப்ரோக்ராம்) ஒரு நிமிஷம் தாமதமானா நல்ல மெசேஜும் சேந்து போயிடும். காலாவதி ஆனது டெட் லெட்டர் க்யூவுக்கும் (தோத்த மெசேஜ ஒதுக்கி வைக்கற க்யூ) போகாது.

சரி, மிச்சம் பர்ஜும் ஸ்கிரிப்ட்டும். பர்ஜ் அழிச்சு முடிக்க 60 செகண்ட் வரைக்கும் எடுத்துக்கும். அந்த ஒரு நிமிஷத்துல புதுசா வந்து விழற மெசேஜும் அழியலாம், அழியாமலும் இருக்கலாம், ரெண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. அதனால ப்ரொட்யூசர (மெசேஜ் அனுப்பற ப்ரோக்ராம்) நிறுத்தாம ப்ரொடக்ஷன்ல பர்ஜ் அடிக்கறது சீட்டு குலுக்கற மாதிரிதான். ப்ரொட்யூசர் நம்ம கைல இருந்தா நிறுத்தலாம், வெளி பார்ட்னர் வெப்ஹூக்லேர்ந்து (அவங்க சிஸ்டம் தானா நமக்கு அனுப்பறது) வருதுன்னா யார நிறுத்தறது? கன்ஸ்யூமர் ஏற்கனவே கைல எடுத்த மெசேஜ் க்யூவுலேர்ந்து போயிடும், ஆனா அவன் பாட்டுக்கு அத ப்ராசஸ் பண்ணிட்டேதான் இருப்பான்.

இதவிட பெருசு, போனது போனதுதான். பர்ஜ்ல திரும்ப எடுக்கற வழியே கெடையாது. கூகுள் பப்சப்ல (கூகுளோட இதே மாதிரி மெசேஜ் சேவை) இந்த விஷயம் அழகா இருக்கும், மொதல்ல ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுட்டு சப்ஸ்கிரிப்ஷன (அங்க மெசேஜ் வரிசைக்கு இதான் பேர்) வருங்கால நேரத்துக்கு சீக் பண்ணா, அதாவது நகத்தினா, எல்லாம் முடிஞ்ச கணக்குல சேந்துடும், வேணும்னா அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு திரும்ப சீக் பண்ணா மெசேஜெல்லாம் மறுபடி வரும். எஸ்க்யூஎஸ்ல அந்த மாதிரி எதுவும் இல்ல, அத நாமதான் செஞ்சுக்கணும், ஸ்கிரிப்ட்டோட மொத்த நியாயமும் இதான். "எல்லாம் குப்பதான், அடிச்சுடு"ன்னு சொன்ன ஆளே மறுநாள் வந்து "அதுல ஆர்டர் கேன்சல் மெசேஜ் இருந்துச்சே, இருக்கா?"ன்னு கேப்பாரு.

வேல இவ்வளவுதான்: கன்ஸ்யூமர மட்டும் நிறுத்திட்டு, ஒரு தடவைக்கு 10 மெசேஜ் எடு (அதான் உச்சம்), பாடி, ஆட்ரிப்யூட், மெசேஜ் ஐடி மூணையும் ஒரு வரி ஜேசனா ஃபைல்ல எழுது, எழுதினது உறுதியான அப்புறம் பேட்ச் டிலீட். குப்பையோட நல்லதும் கலந்திருந்தா நல்லத அப்படியே விட்டுடாதீங்க, டைம்அவுட் முடிஞ்சதும் திரும்பத் திரும்ப வந்து ரிசீவ் கவுண்ட் (எத்தன தடவ எடுத்தாங்கங்கற எண்ணிக்கை) ஏறி டெட் லெட்டர்ல போய் விழும், வேற க்யூவுக்கு தள்ளிட்டு டிலீட் பண்ணுங்க. கன்சோல்ல சும்மா திறந்து மெசேஜ் பாத்தாலும் அந்தக் கவுண்ட் ஏறும், பல பேர் இத கவனிக்கறதில்ல. பேட்ச் டிலீட் 200 (வெற்றின்னு சொல்ற கோட்) குடுத்தா எல்லாம் அழிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ரெஸ்பான்ஸ்ல ஃபெயில்டு லிஸ்ட் தனியா வரும், அத பாக்கணும். லாங் போலிங் (மெசேஜ் வர்ற வரைக்கும் கொஞ்சம் காத்திருந்து கேக்கறது) கட்டாயம் 20 செகண்ட் வைங்க, ஷார்ட் போலிங் சில சர்வர்ல மட்டும் தேடிட்டு க்யூல மெசேஜ் இருக்கும்போதே ஒண்ணுமில்லன்னு கைய விரிச்சுடும்.

காசு பத்தி பயப்படறவங்களுக்கு: 10 லட்சம் மெசேஜ், ஒவ்வொரு தடவையும் முழுசா 10 வந்தா எடுக்க 1 லட்சம், அழிக்க 1 லட்சம், ஆக 2 லட்சம் ரிக்வெஸ்ட். ஸ்டாண்டர்ட் க்யூவுக்கு 10 லட்சம் ரிக்வெஸ்ட் 0.40 டாலர்னு வச்சா 8 சென்ட். நேரம்தான் இழுக்கும், அதுக்கு நாலஞ்சு த்ரெட் விட்டா போதும்.

பைஃபோ க்யூல (வந்த வரிசைலயே மெசேஜ் குடுக்கறது) நான் சின்ன அளவுலதான் ஓட்டிருக்கேன். அதுல ஒரு க்ரூப்போட மெசேஜ் அழியாம கைல இருக்கற வரைக்கும் அந்த க்ரூப்போட அடுத்தது வராது, அதனால த்ரெட் ஏத்தினா இதே வேகம் கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்.

ப்ரொடக்ஷன்லயும் ஒரு எடத்துல நான் பர்ஜ்தான் அடிப்பேன்: டேட்டாபேஸ்லேர்ந்து அப்படியே திரும்ப உருவாக்கிக்கலாம்ங்கற மெசேஜ், ப்ரொட்யூசரும் நம்ம கைல. அதுக்குப் போய் ஃபைல் எழுதிட்டு உக்காந்திருக்கறது வெட்டி வேல. மத்ததுக்கெல்லாம் ஸ்கிரிப்ட், அந்த ஃபைல எஸ்3ல (அமேசானோட ஃபைல் சேமிப்பு) போட்டு லைஃப்சைக்கிள்ல 30 நாள்ல தானா அழியற மாதிரி வச்சுடுங்க, கஸ்டமர் ஃபோன் நம்பர், அட்ரஸ்லாம் அதுல கெடக்கும்.