குடும்ப வரலாற்று மாநாடு: உரைகளைவிடப் பயிலரங்குகளே பெரும்பயன்

மூன்று நாள் நடைபெற்ற குடும்ப வரலாற்று மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு திரும்பியிருக்கிறேன். முதன்மை அரங்கில் நிகழ்ந்த உரைகளைப் பற்றிக் கூற அதிகம் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பின்னர் ஒளிப்பதிவாகப் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் செலுத்தி நேரில் செல்லத் தகுந்த காரணம், உரைகளுக்கு அப்பால் ஏற்பாடாகியிருந்த பயிலரங்குகளும் தனி ஆலோசனைகளுமே.

அவற்றுள் என் முதல் மதிப்பெண் பழைய தாள்களையும் புகைப்படங்களையும் கையாளும் பயிற்சிக்கு. மேசைக்குப் பத்துப் பேர் வீதம் அமரவைத்து, அவரவர் கொண்டுவந்த பொருளிலேயே பாடம் நடத்தினார்கள். பழைய ஆவணம் என்றாலே வெள்ளைக் கையுறை வேண்டும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கையுறை விரல்நுனியின் உணர்வை மங்கச் செய்வதால் நொறுங்கும் தாளின் விளிம்பு கிழிந்துவிடக்கூடும் என்றும், காகிதத்துக்குக் கழுவித் துடைத்த உலர்ந்த கைகளே நல்லவை என்றும், கைரேகை படியக்கூடிய புகைப்படத்துக்கே கையுறை தேவை என்றும் பயிற்றுநர் விளக்கினார். நான் எடுத்துச் சென்றது என் பாட்டியின் புகைப்படம். அதன் பின்புறத்தில் எழுத்து இருந்ததையே நான் கவனித்ததில்லை. பயிற்றுநர் கைவிளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தார். அழிந்துபோன பென்சிலின் அழுத்தத் தடம் நிழலாக எழுந்தது. இரண்டு பெயர்களை என்னால் படிக்க முடிந்தது. அந்தப் பக்கத்தையும் சேர்த்து, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் அங்கேயே ஸ்கேன் செய்து கொடுத்தார்கள்.

மரபணுச் சோதனை முடிவுகளைப் படிக்கும் வகுப்பு கனமானது, ஆனால் தெளிவானது. இருவர் பகிர்ந்துகொள்ளும் மரபணுவின் அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே அது ஏறத்தாழ 3,400, உடன்பிறந்தவர்களுக்கு இடையே ஏறத்தாழ 2,600. பலரும் சறுக்கும் இடம் 1,750ஐ ஒட்டிய எண். அது தாத்தா பாட்டியாக இருக்கலாம், அத்தை மாமாவாக இருக்கலாம், தாயோ தந்தையோ மட்டும் பொதுவான உடன்பிறப்பாகவும் இருக்கலாம். சித்தப்பா மகள், அத்தை மகன், மாமன் மகள் என்று நாம் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கும் உறவுகளும், இதைவிடக் குறைந்த வேறோர் எண்ணில், தமக்குள் வேறுபாடின்றி ஒன்றாகவே தெரியும். எந்த உறவு என்பதை வயதும் ஆவணமும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும் என்பதை மாதிரி வழக்குகளைக் கொண்டு எங்களையே கண்டறியச் செய்தது சிறப்பு. இந்த வகுப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உறவினரின் மாதிரியை அனுப்பும் முன் அவருடைய ஒப்புதலைப் பெறுவது பற்றியும், எதிர்பாராத பிறப்பு உண்மை வெளிப்பட்டால் குடும்பத்தில் யாரிடம் எப்படிச் சொல்வது என்பது பற்றியும், ஒருவர் எழுந்து கேட்ட பிறகே பேசினார்கள். அது வகுப்பின் முதல் பத்து நிமிடங்களில் வந்திருக்க வேண்டிய செய்தி.

புதியவர்களுக்கான அமர்வில் முன்னோர்களுக்கு எண்ணிடும், 1590ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்துவிட்ட முறையைக் கற்பித்தார்கள். நமக்கு எண் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் தாய். ஆகவே 13 என்பது தாயின் தந்தையைப் பெற்ற தாய். பூட்டன், ஓட்டன் என்று மேலே ஏற ஏறச் சொற்கள் தீர்ந்துபோகும் இடத்தில் இந்த எண்கள் மிகவும் உதவுகின்றன. மென்பொருள் அரங்குகளில் விற்பனைப் பேச்சே மிகுதி.

மாநாட்டின் உச்சம் இருபது நிமிடத் தனி ஆலோசனை. பல ஆண்டுகளாக என் கொடிவழியில் ஒரு முன்னோர் இடறிக்கொண்டே இருந்தார்: அவருடைய வயது ஆவணத்துக்கு ஆவணம் முன்பின்னாக மாறும். ஆலோசகர் எந்தத் தரவுத்தளத்தையும் திறக்கவில்லை. நான் கொண்டுசென்ற நகல்களைக் கால வரிசையில் மேசைமேல் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றின் அடிப்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். நான்கு தாள்களில் கையொப்பம் இருந்தது, மூன்றில் கைநாட்டு. கையொப்பம் உள்ளவை ஆண்டில் முந்தியவை, கைநாட்டு உள்ளவை பிந்தியவை என்றிருந்தால் முதுமையோ நோயோ காரணமாகலாம். இவையோ மாறி மாறி வந்திருந்தன. “ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள், இவர்களைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்” என்றார்.

இந்த ஆலோசனைக்கான இடங்கள் முதல் நாள் காலையிலேயே நிரம்பிவிட்டன. ஒருவர் வராமல் போனதால்தான் எனக்குக் கிடைத்தது. முன்பதிவு வசதி இல்லாதது அமைப்பாளர்கள் அவசியம் திருத்திக்கொள்ள வேண்டிய குறை. அடுத்த முறை செல்வோர் பதிவு மேசையிலிருந்து நேரே ஆலோசனைப் பட்டியலுக்குச் சென்று பெயர் எழுதுங்கள்; ஒரே ஒரு கேள்வியையும் அதற்குரிய எல்லா நகல்களையும் கையில் வைத்திருங்கள்.