அடோபோவா, சினிகாங்கா? பொட்டலம் கட்ட எது நல்லது

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டிலுள்ள லக்கி பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். வீட்டுப் பணிப்பெண்களாக வந்திருக்கும் பிலிப்பினோ பெண்கள் பலர் விடுமுறையில் கூடும் இடம் அது. பணம் அனுப்பும் கடைகளுக்கு நடுவே அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கறிகள் இருக்கும். விரலால் காட்டினால் சோற்றோடு தருவார்கள். சுடச்சுட அங்கேயே சாப்பிட்டால் எல்லாமே நன்றாக இருக்கும். பொட்டலம் வாங்குபவர்தான் யோசிக்க வேண்டும். ரயிலேறி வீடு சேரும்வரை மூடிய டப்பாவில் கிடந்தும் ருசி குன்றாதது எது?

முதல் இடத்தை அடோபோவுக்குத் தயங்காமல் கொடுப்பேன். கோழியையோ பன்றி இறைச்சியையோ வினிகர், சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, பிரிஞ்சி இலை, முழு மிளகு சேர்த்து மெல்லிய தீயில் வேகவைக்கிறார்கள். வெயில் நாட்டில் இறைச்சி சீக்கிரம் கெடாமலிருக்கக் கண்ட வழி இது. அதனால் ஆறிப்போவது இதற்கு ஒரு குறையே அல்ல. மறுநாள் சூடாக்கும்போது புளிப்பு உள்ளே இறங்கி, கொழுப்பும் சாறும் ஒன்றாகி, முதல் நாளைவிட நன்றாக இருக்கும். சோயா சாஸ் சீனர்கள் வழியாக வந்து சேர்ந்தது. அது இல்லாத வெள்ளை அடோபோவும் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள், வினிகரின் மணம் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

சினிகாங் நம் நாக்குக்கு இன்னும் நெருக்கமானது. புளிச்சாற்றில் பன்றி விலாவோ இறாலோ பால்கெண்டையோ வேக, கூடவே முள்ளங்கி, வெண்டைக்காய், கத்தரிக்காய், பயற்றங்காய், சேப்பங்கிழங்கு, கங்கோங் கீரை. காய்களைப் பார்த்தால் நம் புளிக்குழம்பின் பட்டியல் போலவே இருக்கிறது. ஆனால் தாளிப்பு இல்லை, பெருங்காயம் இல்லை, மல்லித்தூளும் இல்லை. உப்புக்கு மீன் சாஸ், மணத்துக்கு ஒரு பச்சை மிளகாய், அவ்வளவுதான். மசாலாவின் துணையில்லாமல் புளி தனியாக நிற்பதை ருசிக்க வேண்டுமென்றால் இதைத்தான் சாப்பிட வேண்டும். சில வீடுகளில் புளிக்குப் பதில் பிலிம்பிக்காயோ கொய்யாவோ மாங்காயோ போடுவார்கள்.

சுவையை மட்டும் வைத்துச் சொன்னால் என் மனம் சினிகாங் பக்கம்தான். பொட்டலத்தில் அது தோற்றுவிடுகிறது. கொதிக்கும் சாற்றிலேயே கீரையைப் போட்டு மூடினால் வீடு சேர்வதற்குள் கீரை கறுத்துக் குழைந்துவிடும், வெண்டைக்காய் வழுவழுத்துப்போகும். சாற்றைத் தனியாகவும் காய்களைத் தனியாகவும் கட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

கரே-கரே இவ்விரண்டுக்கும் பிறகுதான். மாட்டுவாலும் குடலும் வாழைப்பூவும் சேர்ந்த கெட்டியான வேர்க்கடலைக் குழம்பு அது. அதில் உப்பு குறைவாகவே இருக்கும். பகோவோங் என்னும் இறால் விழுதைத் தொட்டுக்கொண்டால்தான் முழுமையாகும். அந்தச் சின்னக் கிண்ணம் பையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடையை விட்டு நகருங்கள். பொரித்த பன்றி வயிற்றிறைச்சியான லெச்சோன் கவாலி, பொரித்த சுருளான லும்பியா இரண்டையும் அங்கேயே சாப்பிட்டுவிடலாம். மூடிய டப்பாவின் ஆவியில் மொறுமொறுப்பு போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்?

இனிப்புகளில் பெயர் பெற்றது ஹாலோ-ஹாலோ. சீவிய பனிக்கட்டி, இனிப்புப் பயறு, நாட்டா டி கோகோ என்னும் தேங்காய்நீர் ஜெல்லி, பலாச்சுளை, ஊபே என்னும் ஊதா நிற வள்ளிக்கிழங்கு என்று அடுக்கி, பால் ஊற்றித் தருவார்கள். கடையில் உட்கார்ந்து, அடிவரை கிளறிச் சாப்பிட வேண்டியது அது. வீட்டுக்கு வரும்போது நீர்த்த பால்தான் இருக்கும்.

எடுத்துச் செல்ல லெச்சே பிளானை எதுவும் மிஞ்சாது. முட்டை மஞ்சள்கருவும் கண்டென்ஸ்ட் மில்க்கும் கலந்து, கருக்கிய சர்க்கரை ஊற்றிய நீள்வட்டத் தகர அச்சில் ஆவியில் வேகவைப்பது. குளிரக் குளிரச் சுவை கூடும். ஆனால் அதிகத் தித்திப்பு. ஒரு துண்டுக்கு மேல் என்னால் முடியாது. தித்திப்பு குறைவாக வேண்டுவோர் குட்சிந்தா வாங்கலாம். அரிசி மாவும் சாம்பல்கார நீரும் சேர்த்து அவித்த, இழுபடும் பழுப்புப் பலகாரம். மேலே தேங்காய்த் துருவல். அந்தத் துருவலை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளுங்கள், நம் வெயிலில் அதுதான் முதலில் கெடும்.