பாண்டில செராமிக் கோட்டிங் போடப் போறீங்களா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சுட்டுப் போங்க

கடலூர், பாண்டி பக்கம் யாராவது காருக்கு செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல போடற பாதுகாப்புப் பூச்சு) போட அட்வான்ஸ் குடுக்கற ஐடியால இருந்தா கொஞ்சம் நில்லுங்க. பாண்டில ஒரு கடைல 18,000 ரூபா வாங்கிட்டு என் வண்டிக்குப் போட்டது கோட்டிங்கே இல்ல, கீறல மறைக்கற கிளேஸும் அதுக்கு மேல ஏதோ ஒரு ஸ்ப்ரே வேக்ஸும் தான். போனஸா பானெட் ஓரத்துல பெயிண்ட்டயும் தேய்ச்சு எடுத்துட்டானுங்க. புகார் குடுத்திருக்கேன், அதனால கடை பேரு இப்ப வேணாம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் வண்டிய கழுவத் தெரியாத ஆளு இல்ல. மஞ்சக்குப்பத்துல வீடு, ஞாயித்துக்கெழம வெயில் ஏறறதுக்குள்ள ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பு இன்னொண்ணுல வெறும் தண்ணி, மைக்ரோஃபைபர் மிட்டுன்னு எல்லாத்தயும் எடுத்துட்டு எறங்கிடுவேன். எங்க தெரு போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, கழுவிட்டு அப்படியே காய விட்டா வெள்ள வெள்ளையா வட்டம் விழுந்துடும், அதுக்குன்னே ஏசி பைப்ல சொட்டற தண்ணிய கொடத்துல புடிச்சு வச்சு கடைசி அலசலுக்கு மட்டும் ஊத்துவேன். எதிர்வீட்டு அண்ணன் "இன்னைக்கு என்ன தம்பி, வண்டிக்கு கும்பாபிஷேகமா"ம்பாரு. இருக்கட்டும்.

வண்டி செகண்ட் ஹேண்ட், டார்க் ப்ளூ. மொத ஓனர் வாட்டர் சர்வீஸ்ல குடுத்து குடுத்து அழுக்குத் துணியால தொடைக்க விட்டதுல பாடி முழுக்க சுத்தி சுத்தி மெல்லிசா கீறல், வெயில்ல நிறுத்தினா சிலந்தி வலை மாதிரி தெரியும். இத எடுக்க பாலிஷர் மெஷின் வேணும், எங்கிட்ட இல்ல, அதான் கடைக்குப் போனேன். போன ஒடனே "கிராபீன் செராமிக்ணா, 9ஹெச், சாவிய வச்சு இழுத்தாலும் கோடு விழாது, 3 வருஷம் வாரண்டி"ன்னு ஒரு கத. 9ஹெச்ங்கறது பென்சில வச்சு கீறிப் பாக்கற டெஸ்ட்டோட அளவு, சாவிக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடயாது, கோட்டிங்கே ஒரு மைக்ரான் ரெண்டு மைக்ரான் கனம் தான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் மைக்ரான்). சேல்ஸ் பேசறவன் அப்படித்தான் பேசுவான்னு நானும் அத பெருசா எடுத்துக்கல.

காலைல விட்டேன், அன்னைக்கே சாயங்காலம் "வண்டி ரெடிணா"ன்னு போன். முழு வண்டிக்கும் கீறல் எடுத்து பாலிஷ் போடவே ஒரு நாள் ரெண்டு நாள் ஆகற வேல, அப்பறம் கோட்டிங் போட்டு ஒரு நாளாவது தண்ணி படாம நிக்கணும், ஒரு வாரம் ஷாம்பு போடக் கூடாது. இவன் என்னடான்னா "நாளைக்கே கழுவலாம்ணா, ஒண்ணும் ஆகாது"ங்கறான். கடைக்குள்ள லைட்டு வெளிச்சத்துல வண்டி கண்ணாடி மாதிரி தான் நின்னுச்சு, அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி ஆல்பேட்டை வந்து சேரும்போது நல்லா இருட்டிடுச்சு, வேற என்னத்த பாக்கறது.

நாலஞ்சு வாஷ் தான். பழைய கீறல் எல்லாம் திரும்ப வந்து நிக்குது, அது பத்தாதுன்னு ரோட்டரி பாலிஷர் மெஷின் ஓட்டின தடம் வேற வளைஞ்சு வளைஞ்சு தெரியுது. தண்ணி ஊத்தினா முத்து முத்தா நிக்கறது இல்ல. சந்தேகம் வந்து ஐசோப்ரொபைல் ஆல்கஹால பாதிக்குப் பாதி தண்ணி கலந்து பானெட்ல ஒரு எடத்துல தொடச்சேன், அவ்ளோ தான், அங்க மிச்சம் மீதி இருந்த பளபளப்பும் போச்சு. கிளேஸ்ல எண்ணெயும் ஃபில்லரும் தான் இருக்கும், கீறலுக்குள்ள போய் அடைச்சுக்கும், கழுவக் கழுவ வெளிய வந்துடும். நெஜமான கோட்டிங் இதுக்கெல்லாம் போகாது.

பானெட் ஓரத்துல, ஹெட்லைட்டுக்கு மேல, ஒரு ரூபா காசு அளவுக்கு மங்கலா ஒரு எடம். தொடச்ச வெள்ளத் துணிய திருப்பிப் பாத்தா நீலம் ஒட்டியிருக்கு. கலருக்கு மேல கண்ணாடி மாதிரி நிறமில்லாம ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட்னு பேரு, அது இருந்தா கலர் துணில வராது, வந்துச்சுன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தம். கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான் தான், ஓரத்துல இன்னும் கம்மி, அங்க போய் ரோட்டரிய வச்சு அழுத்தியிருக்கானுங்க.

கடைக்குப் போனா ஓனர் கேக்கற மொத கேள்வி, "வீட்ல கழுவினீங்களா சார்?" ஆமான்னேன். "அதான் சார், வாரண்டி கார்டு பின்னாடி பாருங்க." பொடி எழுத்துல போட்டிருக்கு, மாசா மாசம் அவங்க கடைலயே 1,200 ரூபா குடுத்து வாஷ் பண்ணணுமாம், வீட்ல கழுவினா வாரண்டி கெடயாதாம். காசு வாங்கும்போது இத ஒருத்தன் வாயத் தொறந்து சொல்லல. கார்டுல சீரியல் நம்பர் எடம் காலி. கோட்டிங் பாட்டில காட்டுங்கன்னா "குப்பைல போட்டுட்டோம் சார்". பில்லு கேட்டு நச்சரிச்சு வாங்கினேன், அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா, "பாடி பாலிஷ்". அவ்ளோ தான், கோட்டிங்னு ஒரு வார்த்த இல்ல! கடைசில "7,000 குடுங்க சார், டாப் கோட் அடிச்சுத் தரேன்"னு அதுக்கும் ரேட் பேசறாரு.

அதனால எந்தக் கடைனாலும் சரி, பாலிஷ் முடிச்சு கோட்டிங் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ கூப்பிடச் சொல்லுங்க, போய் உங்க கண்ணு முன்னாடி ஆல்கஹால் போட்டு தொடைக்க வச்சு வெயில்லயோ டார்ச் அடிச்சோ பாருங்க, அப்பவும் கீறல் இல்லன்னா தான் வேல செஞ்சிருக்கான். சீல் உடைக்காத பெட்டிய முன்னாடி வச்சு பிரிக்கச் சொல்லி பேட்ச் நம்பர போட்டோ எடுத்துக்கங்க, பில்லுல அந்தப் பொருளோட பேரு இருக்கணும். பெயிண்ட் கனம் பாக்கற மீட்டர் இருக்கான்னு கேளுங்க, அது இல்லாம ரோட்டரிய தூக்கறவன்கிட்ட வண்டி சாவிய குடுக்காதீங்க. ராத்திரில டெலிவரி எடுக்கவே வேணாம்.

1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணியாச்சு, கடைலேர்ந்து இதுவரைக்கும் பதில் இல்ல. அடுத்து நுகர்வோர் ஆணையம் தான், கடை பாண்டில இருந்தாலும் 2019 சட்டப்படி நான் குடியிருக்கற கடலூர்லயே கேஸ் போடலாம், நாம கடைக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸும் கெடயாது. "3 வருஷம் வாரண்டி, கிராபீன் செராமிக்"னு அவன் அனுப்பின வாட்ஸப் மெசேஜ் எல்லாம் பத்திரமா இருக்கு. பெயிண்டர்கிட்ட காட்டினதுல பானெட் முழுசா அடிச்சா தான் கலர் மேட்ச் ஆகும்ங்கறாரு, ஆனா இப்ப அடிச்சுட்டா ஆதாரம் போயிடும்னு அப்படியே விட்டு வச்சிருக்கேன்.