ஈப்பொறிப் பையோடு மூன்று கோடை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு. கொல்லையில் ஒரு மாமரம், ஒரு கறிவேப்பிலை, ஒரு நாய். இங்கே கோடையான டிசம்பரில் மாம்பழம் விழத் தொடங்கியதும் ஈ மொய்க்க ஆரம்பித்துவிடும். அந்தச் சூட்டில் முட்டை ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை பிராய் (வெளியில் தணலில் கறி சுடுவது) போட்டால் ஒரு கையால் கறியைத் திருப்பி, மறு கையால் விசிறிக்கொண்டே நிற்க வேண்டும்.

மூன்று கோடைக்கு முன்னால் இந்த ஈப்பொறிப் பையை வாங்கினேன். உள்ளே இரைத் தூள் இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றித் தொங்கவிட வேண்டும். மூடித் துளையில் நுழையும் ஈ, வெளியேற வழி தெரியாமல் தண்ணீரில் விழுந்து சாகும். முதல் நாள் ஒன்றும் விழவில்லை. காசு போச்சு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வெயிலில் தூள் ஊறி, செத்த எலி நாற்றம் கிளம்பியது. அப்புறம் பார்க்க வேண்டுமே!

சமையலறைக் கதவோரம் மாட்டியதுதான் நான் செய்த தப்பு. பக்கத்து வீட்டு ஈயும் சேர்ந்து வந்தது. "ஈயை விரட்டச் சொன்னா, வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சிருக்கியேம்மா" என்றார் மாமியார். பின்சுவர் ஓரம், உட்காரும் இடத்திலிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, வெயில் படும்படி மாற்றிய பிறகுதான் நிம்மதி.

இரண்டே வாரத்தில் பை நிறைந்தது. மிளகு ரசம் போலக் கறுப்பாக மிதந்ததைப் பார்த்தபின், வெகுநாள் எனக்கு ரசம் இறங்கவில்லை. ஒருமுறை கயிறு அறுந்து அத்தனையும் நாய் மேல் கொட்டிவிட்டது. மூன்று தடவை குளிப்பாட்டியும் அதை வீட்டுக்குள் விட முடியவில்லை.

மற்றதையும் பார்த்தாயிற்று. நீலவிளக்கு மின்பொறியில் விட்டில்தான் விழுந்தது. பசைத்தாளில் பல்லி ஒட்டிக்கொண்டது. சமையல் எண்ணெய் தடவித்தான் பிரித்தெடுத்தேன். ஈ வராது என்று சொல்லித் தொங்கவிடும் காசு போட்ட தண்ணீர்ப் பை சும்மா அலங்காரம். சாப்பாட்டு மேசைக்கு மின்விசிறி மட்டும் நன்றாக உதவுகிறது, காற்றை எதிர்த்து ஈயால் உட்கார முடிவதில்லை.

போன கோடையில்தான் உண்மையான மாற்றம் தெரிந்தது. சனிக்கிழமை வரை காத்திருக்காமல் நாய்க் கழிவைத் தினமும் அள்ளினேன். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கினேன். காய்கறித் தோலைக் குப்பைக்குழியில் போட்டால் மேலே காய்ந்த சருகு. மீன் கழிவைக் கட்டி ஃப்ரீசரில் வைத்து, குப்பை வண்டி வரும் காலையில்தான் வெளியே எடுத்தேன். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை, ஐஸ்கிரீம் பக்கத்தில் மீன் தலையா என்று. ஆனால் பை ஐந்து வாரமாகியும் பாதிகூட நிறையவில்லை.

வரும் டிசம்பருக்கு இரண்டு வேண்டாம், ஒன்றுதான் வாங்கப் போகிறேன். கயிற்றுக்குப் பதில் கம்பி.