குறுக்கே நடந்தால் ஒன்று, நேரே வந்தால் மற்றது

ஒட்டுசுட்டான் பக்கம் தோட்டம் செய்கிறவர்களுக்குப் பன்றியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மரவள்ளியைக் காப்பாற்ற வேலிக்கம்பியில் பால்பேணிகளைக் கட்டினோம். காற்றுக்கும் அவை கலகலத்ததால், சில நாட்களில் சத்தம் கேட்டாலும் யாரும் எழும்புவதில்லை. அப்புறம்தான் அசைவை அறியும் சென்சர் இரண்டு வாங்கினேன்: உடல் வெப்பத்தைப் பார்க்கும் பி.ஐ.ஆர். ஒன்று, மைக்றோவேவ் அலையை அனுப்பித் திரும்ப வாங்கும் டொப்ளர் ஒன்று.

பி.ஐ.ஆர். எதையும் அனுப்பாது, உடம்பு விடும் அகச்சிவப்புக் கதிரை வாங்குவதோடு சரி. உள்ளே இரண்டு உணரிகளை ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பார்கள். இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் பட்டால் கணக்கு நேராகிவிடும். ஒன்றில் பட்டு மற்றதற்கு நகர்ந்தால்தான் சமிக்ஞை பிறக்கும். மேலேயுள்ள வெள்ளை மூடியைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு வில்லை; அவை வளவைக் கீற்றுக் கீற்றாகப் பிரிக்கின்றன. கீற்றுகளை வெட்டிக் குறுக்கே நடந்தேன், இரண்டாம் அடியில் விளக்கு எரிந்தது. அதை நோக்கி நேரே, மெல்ல நடந்தேன். இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி அளவு, கிட்டப் போகும்வரை எரியவில்லை.

சித்திரை மத்தியானத்தில் இது இன்னும் தடுமாறும். வெயில் 35 பாகையைத் தொடும்போது தோலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? சேற்றில் புரண்டு வரும் பன்றியும் அப்படித்தான், ஈரச்சேறு தோலின் சூட்டை மறைத்துவிடும்.

டொப்ளருக்கு வெப்பம் பொருட்டே இல்லை. ஏ9 வீதியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் பஸ் நம்மைக் கடந்ததும் ஹோர்னின் சுருதி இறங்குகிறதே, 1842இல் டொப்ளர் என்ற விஞ்ஞானி விளக்கியது அதைத்தான். சந்தையில் கிடைக்கும் 10.525 கிகாஹேட்ஸ் சென்சரை நோக்கி வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் பன்றி வந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 70 ஹேட்ஸ் கூடும். அதே பன்றி, சென்சருக்கு அருகே வராமலும் விலகாமலும் குறுக்கே போகும் கணத்தில் மாற்றம் பூச்சியம். பி.ஐ.ஆர். தவறவிடும் இடத்தில் இது பிடிக்கிறது, பிடிக்கும் இடத்தில் தவறவிடுகிறது.

ஆனால் சோளகக் காற்று தொடங்கியதும் கிணற்றடி வாழையிலை ஒவ்வொன்றும் இதற்குப் பன்றிதான். இலையும் முன்னும் பின்னும் அசைகிறது, அலைக்கு வேறென்ன தெரியும்? கிடுகு வேலிக்கு அப்பால் நடக்கும் ஆளையும் காட்டிவிடும். பற்றரியையும் குடிக்கும்: 30 மில்லி அம்பியர். பி.ஐ.ஆருக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம்.

தோட்டத்துக்கு என் தெரிவு பி.ஐ.ஆர்.தான். வேலிப் பொட்டுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். நுழைகிற பன்றி கீற்றுகளை வெட்டியே ஆகவேண்டும். இலை அசையாத நெல் அறைக்குள், கதவைப் பார்த்தபடி டொப்ளரை வையுங்கள்.

யானைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். பி.ஐ.ஆர். எட்டுவது ஏழு மீற்றர் அளவுதான். அந்தத் தூரத்தில் யானை நிற்பது தெரிந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேற நேரம் இருக்காது.